காவில் வைத்த விளக்கு

அந்த விளக்கைக் கொண்டுவந்து வைத்த ஆள் யாரென்று தெரிவதற்கு முன்பே நான் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். முட்டாள் என்றேன். கண்ணில்லாத ஜென்மம் என்றேன். கையில் நாலு காசு சேர்ந்ததும் மனிதனுக்கு மூளை கழன்றுவிடும் போலிருக்கிறது என்றும் சொன்னேன். காவுக் கமிட்டியின் செயலாளர் உமாசங்கர் மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதைக்கு இறக்கி விட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டபடி நின்றார். அவர் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

நேமத்தைத் தாண்டி, இரண்டு பக்கம் ரோடும் ஒரு பக்கம் ரயில் பாதையும் இன்னொரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புமாக நடுவில் மாட்டிக்கொண்ட முக்கால் ஏக்கர் சர்ப்பக்காவு அது, நாகங்களுக்கென்று விட்ட மரத்தோப்பு. நாகங்களின் இடம் என்பதால் அங்கே யாரும் ஒரு கொப்பை ஒடிக்க மாட்டார்கள், ஒரு சருகைக் கூட்ட மாட்டார்கள். கூட்டாத சருகில் ஈரம் நிற்கும், ஈரத்தில் நத்தை பெருகும், நத்தையைத் தின்று என் மின்மினிகள் வளரும். என் மின்மினிகள் என்று சொல்லிப் பழகிவிட்டது. ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் கெஸ்ட் லெக்சரராகக் காலம் தள்ளுகிற எனக்கு, ஏழு வருடமாக ஆராய்ச்சி என்றால் அந்தக் காவுதான்.

இந்த இனத்தில் ஆணுக்கு மட்டுமே சிறகு. பெண் பார்ப்பதற்கு வெளிறிய புழு, கட்டைவிரல் நீளம், பறக்கத் தெரியாது. புழுவாக இருக்கும் காலம் முழுக்க நத்தையைத் தின்று சேர்த்துக்கொள்ளும். வளர்ந்த பிறகு சாப்பாடே கிடையாது. சேர்த்து வைத்ததைக் கொண்டு பத்துப் பன்னிரண்டு அந்திகள் சருகுக்கு மேலே ஏறி உட்கார்ந்து வெளிச்சம் காட்டும். ஆண் பறந்து வந்து அந்த வெளிச்சத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வராவிட்டால் அவள் எரிந்து முடிந்துவிடுவாள், முட்டை இருக்காது. வேறெங்கிருந்தாவது இன்னொருத்தி நடந்து வந்து அந்த இடத்தை நிரப்பலாமென்றால், ரோட்டையும் தண்டவாளத்தையும் ஒரு புழு கடக்குமா? சுற்று வட்டாரத்தில் நான் தேடாத காவில்லை. வேறெங்கும் இந்த இனம் இல்லை.

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதால் மூன்று வாரம் நாகர்கோவிலில் இருந்துவிட்டு, ஐப்பசி தொடங்கி நாலைந்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மாலை திரும்பினேன். பெண்கள் வெளிச்சம் காட்டும் பருவம் தொடங்கியிருக்கும் என்ற அவசரத்தில் வீட்டுக்குக்கூடப் போகாமல், பையும் கையுமாக நேமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரோட்டிலிருந்தே காவு வெள்ளையாகத் தெரிந்தது. உள்ளே யாரோ கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பந்தல் இல்லை. நாகக் கற்களுக்கு முன்னால் புதிய இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் பெரிய உருண்டைக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி. சருகின் நரம்புகூடத் தெரிகிற வெளிச்சம். பையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டுத் தேடினேன். பெண்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எரிவது தெரியவில்லை. குடையை விரித்து, ஒவ்வொருத்தி மேலும் கவிழ்த்து, நிழல் உண்டாக்கிப் பார்த்தபோதுதான் அந்த மங்கிய பச்சை தெரிந்தது. பத்தொன்பது பேர். பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு பத்தொன்பது பேரும் காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உமாசங்கரை வீட்டிலிருந்து இழுத்து வந்து மேலே சொன்ன கச்சேரியை நடத்தினேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் மெதுவாகக் கேட்டார். "டீச்சர் அந்தத் தகட வாசிச்சிதா?"

குழாயின் இடுப்பில் சின்னத் தகடு ஒன்று பொருத்தியிருந்தது. இந்த ஊரில் வழிபாடு கொடுப்பவர் பெயரை எழுதுவதில்லை. யாருக்காகக் கொடுக்கிறோமோ அவர் பெயரும் பிறந்த நட்சத்திரமும்தான் எழுதுவார்கள், ரசீதிலும் அப்படியே. தகட்டில் மலையாளத்தில் இரண்டே சொற்கள். கிருஷ்ணவேணி, விசாகம்.

"இது எந்தக் கிருஷ்ணவேணி?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"டீச்சர்தான். பழவங்காடியில எலக்ட்ரிக்கல் கட வச்சிருக்க சார், கன்னி மாச ஆயில்யத்துக்கு ஆள விட்டு வச்சதாக்கும். பூஜையும் கழிஞ்சு. டீச்சர்ட்ட சொல்லாண்டாம், வந்து பாத்து சந்தோஷப்படட்டும்னாரு."

பழவங்காடியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற சார் என் கணவர். அந்த உருண்டைக் கண்ணாடியை நான் அவர் கடையில் பார்த்திருக்கிறேன். பணக்கார வீட்டு கேட்டுகளுக்கு வாங்கிப் போவார்கள். இருப்பதிலேயே விலை கூடியது. கன்னி என்றால் நம் புரட்டாசி, ஆயில்யம் நாகங்களின் நட்சத்திரம்; அன்று நான் நாகர்கோவிலில் இருந்தேன்.

கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் சிரிப்பு.

"காவுக்குப் போயிட்டுத்தானே வாற? பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி?"

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ஆணுக்குப் பெண்ணின் வெளிச்சம் தெரியாது, தெரியாவிட்டால் வராது, வராவிட்டால் இந்த வருடம் முட்டை இல்லை, இவை போனால் அந்தக் காவில் இனி ஒருகாலும் மின்மினி கிடையாது. முதல் பெண் எப்போது எரியத் தொடங்கினாளோ, எனக்குத் தெரியாது. ஆறேழு அந்தி போயிருக்கும். இன்னும் நாலோ ஐந்தோ பாக்கி. சொல்லச் சொல்ல அவர் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் உனக்காக்கும் செய்தேன், வேணி," என்றார்.

அவர் பெயர் நாகேஸ்வரன். பெயர்தான் அப்படி. டிவியில் பாம்பு வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிற மனிதர். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிக் கிண்டலடித்திருக்கிறேன். பிறகு அவர் அக்கா பத்து வயதில் தென்னந்தோப்பில் சருகை மிதித்து, விரியன் கடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள் என்று தெரிந்தபோது கிண்டலை நிறுத்திக்கொண்டேன். அக்காவுக்குப் பின்னால் நடந்து போனது இவர். வயது ஏழு.

"நீ காவுக்குப் போற நாளெல்லாம் நான் கடையில இருக்குததே இல்ல, கேட்டியா. சீக்கிரமே அடச்சிட்டு வந்து இந்த வாசல்ல நிப்பேன். ஏழு வருஷமாச்சு. நாகராஜாட்ட நேந்துக்கிட்டேன். இவளுக்கக் காலு பத்திரமா வீட்டுக்கு வரட்டு, இவ நடக்குத எடத்துல நான் வெளிச்சம் போட்டுத் தாறேன்னு. ஒனக்க ஆராய்ச்சி இந்த வருஷம் முடியும்னு சொன்னல்லா. கடைசி வருஷமாவது நீ வெளிச்சத்துல நடக்கட்டும்னு பாத்தேன்."

வெளிச்சத்தில் மின்மினி பார்ப்பவள் உலகத்தில் உண்டா? இந்த ஏழு வருடத்தில் ஒரு நாளாவது அவரை உட்கார வைத்து நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா? முதல் கேள்வியைத்தான் வாய்விட்டுக் கேட்டேன். இரண்டாவதை விழுங்கிக்கொண்டேன். காவில் ஒரு முட்டாளைத் திட்டியது சுகமாக இருந்தது. இங்கே அந்த முட்டாள் என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றே உமாசங்கருக்குப் போன் செய்து, விளக்கை அணையுங்கள் என்றேன். சுவிட்ச் கமிட்டி அறைக்குள் பூட்டில் இருந்தது, இல்லாவிட்டால் நானே அணைத்திருப்பேன்.

"அது ஒக்காது டீச்சரே," என்றார். "நாகங்களுக்குப் பூஜ செய்து சமர்ப்பிச்ச சாதனம். நேர்ந்த ஆளு வரணும். செருப்பில்லாம உள்ள வந்து, விளக்கு வைக்கிற நேரத்துல கல்லுக்கு முன்ன நின்னு சொல்லணும், சொந்தக் கையால எறக்கணும். நான் சும்மா அணச்சிட்டு, நாளைக்கு இங்க ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஆளுக என்னைய விடாது."

"நான் வந்து சொன்னாப் போதாதா? என் பேருதானே போட்டிருக்கு."

"பேரு டீச்சருக்கது. நேர்ச்ச சாருக்கதல்லவா."

வெள்ளிக்கிழமை கடையில் ஸ்டாக் வந்தது என்று என் கணவர் தட்டிக் கழித்தார். சனிக்கிழமை என்னோடு பைக்கில் காவு வரைக்கும் வந்தார். செருப்பைக் கழற்றினார். வாசலில் கிடந்த சருகைப் பார்த்தபடி நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிப்போகும் அளவுக்கு வியர்த்தது. "நாளைக்கு வாறேன் வேணி, சத்தியமா நாளைக்கு," என்று சொல்லிவிட்டு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே பைக்குக்கு ஓடினார். நான் உள்ளே போய்க் குடையைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தேன். பத்தொன்பதில் இரண்டு பேர் அணைந்து, சுருண்டு கிடந்தார்கள். தொட்டால் தாள் மாதிரி இருந்தது. வயிற்றுக்குள் முட்டை அப்படியே இருந்தது.

அந்த இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோய் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். கொடுமைதான், தெரிந்தே செய்தேன். அவர் டப்பாவை வெகுநேரம் பார்த்தார், சாப்பிடாமல் எழுந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்குச் செருப்பே போடாமல் வீட்டிலிருந்து கிளம்பினார். காவின் வாசலில் நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலடிக்கும் "நாகராஜா, நாகராஜா" என்று முணுமுணுத்தபடி, கற்கள் வரைக்கும் வந்துவிட்டார். உமாசங்கர் திரியை ஏற்றினார். என் கணவர் கையைக் கூப்பி, பழக்கமான கடைக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"தெரியாம வச்சிட்டேன். இங்க ஒள்ள ஜீவனுக்கு இது தொந்தரவுன்னு இப்பதான் தெரிஞ்சிது. திருப்பி எடுக்குதேன். இவகிட்ட கோவிச்சுக்காண்டாம். என்ன கோவம் உண்டோ, அது எனக்கிட்ட இருக்கட்டு."

உமாசங்கர் போய் சுவிட்சை அணைத்தார். எண்ணெய்த் திரியும் காற்றில் அணைந்தது. யாரும் மறுபடி ஏற்றவில்லை.

இருட்டுக்குக் கண் பழகப் பத்து நிமிடம் ஆகும். முதலில் வேரடியில் ஒன்று தெரிந்தது. பிறகு கல்லுக்குப் பின்னால் ஒன்று. பிறகு சருகெங்கும். பச்சைப் பொட்டுகளாகப் பதினேழும் எரிந்தன, ஒன்றுகூட அசையாமல். அவர் என் தலைப்பை விட்டுவிட்டார்.

"வேணி, இதத்தானா நான் மறச்சு வச்சேன்?" என்றார்.

காத்திருந்தோம். வழக்கமாக அரைமணி நேரத்துக்குள் நாலைந்து ஆண்களாவது தாழப் பறந்து வரும். முக்கால் மணி நேரமாயிற்று. ரயில் ஒன்று போயிற்று. ஒரு சிறகுகூட அசையவில்லை. ஆண்கள் இருந்தார்கள், இந்தப் பருவத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒன்றுகூட இல்லாமல் எங்கே போனார்கள் என்று என் புத்திக்கு எட்டவில்லை. சொல்லப்போனால் எட்டியிருக்க வேண்டும். அதுதானே என் படிப்பு?

"அதுக்குள்ள நான் இத எறக்கிடுதேன்," என்று அவர் கமிட்டி அறையிலிருந்து எடுத்துப் போட்ட ஸ்டூலில் ஏறினார். ஸ்டூலில் நிற்கும்போது கால் தரையில் படாது என்ற நிம்மதி அவர் குரலில் தெரிந்தது. கண்ணாடி உருண்டையைத் திருகிக் கழற்றியதும் கை நின்றது. "உள்ள என்னமோ கெடக்கு. உமி மாதிரி."

வாங்கிக் கீழே வைத்தேன். என்னிடம் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் ஒன்று உண்டு, சிவப்பு வெளிச்சம் மின்மினிகளை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அதை அடித்துப் பார்த்தேன். உருண்டையின் அடியில் கால்வாசிக்குக் கறுப்பாக இருந்தது. மூன்று நாளாக அதை நிழலென்றோ அழுக்கென்றோ நினைத்திருக்கிறேன். நியூஸ் பேப்பரை விரித்துக் கவிழ்த்தேன். சரசரவென்று கொட்டின. சிறகு, பெரிய கண், ஒல்லி உடம்பு. எல்லாம் ஆண்கள்.

தேடி வந்திருக்கிறார்கள். ஒரு நாள்கூடத் தவறாமல் வந்திருக்கிறார்கள். வெளிச்சம் என்றால் பெண் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும், பெரிய வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சின்ன வெளிச்சத்துக்குப் போவார்களா? சூடு வெளியேற உருண்டைக்கு அடியில் விட்டிருந்த துளைகள் வழியே ஏறிப்போய், திரும்ப வழி தெரியாமல், என் பெயர் எழுதிய விளக்குக்குள் வெந்திருக்கிறார்கள். நேர் கீழே, ஆளுயர தூரத்தில், அவர்களுக்காகப் பெண்கள் பட்டினி கிடந்து எரிந்துகொண்டிருந்தார்கள். உமாசங்கர் "தெய்வமே" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

என் கணவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். பேப்பருக்கு எதிரே சருகின் மேல் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, விளங்கிவிட்டது.

"ஒண்ணாவது உசிரோட இருக்கான்னு பாரு," என்றார்.

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஊதினேன். அவசரத்தில் இரண்டு சிறகு ஒடிந்தது. ஓரத்தில் ஒன்று காலை மடக்கி நீட்டியது.

"எனக்கக் கையில தா."

"டார்ச் என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. மீதியப் பாக்கணும்."

"டார்ச் வேண்டாம். நீ அதப் பாரு. நான் கொண்டு போறேன்."

உள்ளங்கையில் அதை வைத்து மறு கையால் மூடிக்கொண்டு எழுந்தார். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தியிடம் போவார் என்று நினைத்தேன். அவர் இருப்பதிலேயே பளிச்சென்று எரிந்தவளைப் பார்த்து நடந்தார். அவள் இருந்தது காவின் உள்கோடி, புற்றுக்குப் பக்கம், நானே கம்பு தட்டாமல் போகாத இடம். வெறுங்காலில், கணுக்கால் வரைக்கும் சருகில் புதைய, வெளிச்சமில்லாமல் போனார். சருகு நொறுங்கும் ஓசை தள்ளித் தள்ளிப் போய் நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நான் ஆண்களைப் புரட்டிக்கொண்டே அந்தப் பொட்டைப் பார்த்தேன். புரட்டினேன், பார்த்தேன். எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியவில்லை. அப்போது அந்தப் பச்சை மங்கியது. மங்கி, அணைந்தே போயிற்று.

மிதித்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. அல்லது அவருக்கே ஏதோ ஆகி, அவள் மேல் விழுந்துவிட்டார். எழுந்து ஓட முட்டியைத் தூக்கும்போதுதான் படித்தது நினைவுக்கு வந்தது. ஆண் வந்து சேர்ந்துவிட்டால் பெண்ணுக்கு இனி வெளிச்சம் எதற்கு? அணைத்துவிடுவாள். அணைந்தால்தான் காரியம் நடந்தது என்று அர்த்தம்.

"வேணி," என்று இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது. பயத்தின் சுவடே இல்லை, அத்தனை சந்தோஷம் அந்தக் குரலில். "அணஞ்சிட்டு, கேட்டியா. ரெண்டும் சேந்தாக்கும் இருக்கு. நான் தொட்டுப் பாத்தேன்."

"சரிதான்," என்றேன். "அப்படித்தான் அணையும்."

"அப்ப நான் இங்கதான் நிக்குதேன். அடுத்தத உமாசங்கர்ட்ட குடுத்து விடு."

பேப்பரில் கடைசியாகப் பாக்கியிருந்த மூன்றைப் புரட்டினேன். ஊதினேன். ஒன்றும் காலை அசைக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் புரட்டினேன். காவெங்கும் பதினாறு பேர் எரிந்துகொண்டிருந்தார்கள்.

"வேணி," என்று அவர் மறுபடி கூப்பிட்டார். "கைய நீட்டிட்டு நிக்குதேன். அடுத்தது எங்க?"